பார்க்காத ஊருக்கு ஏக்கம் வருமா?

கேள்வி: 11 ஜனவரி 2025, இரவு 9:40

ஒரு சந்தேகம். சண்டைக்கு இழுக்கவில்லை. 1948இல், இஸ்ரேல் உருவான போரின்போது, பாலஸ்தீனத்தை விட்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் இப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகள் குவைத்திலும் பெய்ரூத்திலும் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் கனடாவில் வளர்கிறார்கள். இவர்கள் 'எங்கள் ஊர்' என்பது பாட்டி சொன்ன கதைதானே? பார்க்காத ஊருக்கு எப்படி ஏக்கம் வரும்? சொல்லிக்கொடுத்து வருவதற்கு ஏக்கம் என்றா பெயர்?

11 ஜனவரி, இரவு 11:15

வரும். எட்டு வருஷம் அடுத்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

2006 முதல் 2014 வரை ஷார்ஜாவில், அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். எங்கள் முதீர் பாலஸ்தீனர். (முதீர் என்றால் மேனேஜர். வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.) முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டேன். "மஜ்தல்" என்றார். அன்று காலைதான் அங்கே பல் விளக்கிவிட்டு பஸ் ஏறியவர் மாதிரி சொன்னார். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் மஜ்தலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பிறந்தது 1968இல், குவைத்தில்.

மஜ்தல் இப்போது அஷ்கெலோன் நகரத்துக்குள் ஒரு பகுதி. காஸா எல்லையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். 1948க்கு முன் ஏறக்குறைய 10,000 பேர் இருந்த ஊர், நெசவுக்குப் பேர்போனது. அந்த வருஷம் நவம்பரில் இஸ்ரேல் படை பிடித்தது. முதீரின் கையில் இருந்தது ஜோர்டான் பாஸ்போர்ட். மீதி நாளைக்கு. தூக்கம் வருகிறது.

12 ஜனவரி, காலை 8:05

திருத்தம். நேற்று எழுதியதை அவரிடம் வாட்ஸப்பில் சொன்னேன். "ஜோர்டான் பாஸ்போர்ட்டா? அது இருந்திருந்தால் உன்னை மாதிரி ஒருவனுக்கு நான் ஏன் மேனேஜராக இருக்கப்போகிறேன்" என்று வாய்ஸ் மெசேஜ். எட்டு வருஷம் அந்த ஆளின் விசா பேப்பரை எல்லாம் நான்தான் ஃபைல் செய்தேன். இருந்தும் தப்பாக எழுதிவிட்டேன்.

அவரிடம் இருந்தது எகிப்து கொடுத்த வதீக்கா, அதாவது பயண ஆவணம். பார்க்க பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள் போகவே விசா வேண்டும். காஸா 1967 வரை எகிப்தின் நிர்வாகத்தில் இருந்ததால் காஸாக்காரர்களுக்கு இது. அந்த வருஷப் போருக்குப் பிறகு இஸ்ரேல் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுத்தது. அந்த நேரம் யார் ஊரில் இருந்தார்களோ அவர்களுக்குத்தான் குடியிருப்பு உரிமை. முதீரின் அப்பா அப்போது குவைத்தில் பள்ளி வாத்தியார். கணக்கில் இல்லை. ஆக, மகனுக்கு மஜ்தலும் கிடையாது, காஸாவும் கிடையாது, எகிப்தும் கிடையாது.

ஜோர்டானில் இருப்பவர்கள் கதையே வேறு. அங்கே ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் அமைப்பான உன்ராவில் பதிந்திருக்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை உண்டு. 1967இல் காஸாவிலிருந்து அங்கே போனவர்களுக்கு மட்டும் இல்லை. லெபனானில் மருத்துவர், வழக்கறிஞர் மாதிரிப் பல வேலைகளுக்குத் தடை. 2001க்குப் பிறகு ஒரு வீடுகூடத் தன் பேரில் வாங்க முடியாது. பாலஸ்தீனர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே போனால் யார் கையில் என்ன காகிதம் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவர் வாழ்க்கையும் ஒவ்வொரு விதம்.

12 ஜனவரி, இரவு 10:30

மூன்று பேர் சாவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், பழைய வீட்டுச் சாவியைப் பாதுகாக்கும் குடும்பங்கள் நிறைய. பெத்லஹேமில் ஐதா முகாமின் வாசல் வளைவுமேல் ஒரு பெரிய இரும்புச் சாவியையே படுக்க வைத்திருக்கிறார்கள்.

நானும் கேட்டேன், ஷார்ஜாவுக்குப் போன புதிதில். தினமும் நூறு பூட்டு எண்ணி ஸ்டாக் எழுதுகிற இடத்தில் அந்தக் கேள்வி. அவர் சிரித்தார். "எந்த வீட்டுச் சாவி?" என்றார்.

விஷயம் இதுதான். மஜ்தல்காரர்களில் பெரும்பாலோர் 1948லேயே காஸாவுக்கு ஓடிவிட்டார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் ஊரிலேயே தங்கினார்கள். அவர்களை ஒரு மூலையில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். 1950இல் லாரியில் ஏற்றி அவர்களையும் காஸா எல்லையில் இறக்கினார்கள். முதீரின் அம்மாவுக்கு அப்போது பத்து வயது. கடைசி இரண்டு வருஷம் அவர்கள் இருந்ததே யாரோ விட்டுப்போன வீட்டில். "கொண்டுவருவதாக இருந்தால் அடுத்தவன் வீட்டுச் சாவியைத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்" என்றார்.

அதனால், பாட்டி சொன்ன கதை என்றால் எலுமிச்சை மரமும் கிணற்றடியும் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அந்த அம்மா மகனுக்குச் சொன்னதில் பாதி முள்கம்பி.

14 ஜனவரி, மாலை 6:20

துணியைப் பற்றி எழுதவில்லை என்றால் எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் வீட்டிலும் தறி ஓடியது, அதனால்.

2008 ரமலானில் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார். அரபு வீட்டுச் சாப்பாட்டில் நான் உறைப்பு கண்டது அங்கேதான். காஸாக்காரர்கள் பச்சை மிளகாய்க்கு அஞ்சாதவர்கள். அவர் மனைவி ஒரு மண்சட்டியில் தக்காளி, பச்சை மிளகாய், சதகுப்பை இலை போட்டு மரக்குழவியால் நசுக்கி, மேலே ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். ரொட்டியில் தொட்டுத் தின்று மூக்கு ஒழுகியது. ரசம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அடிப்பார்கள் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டபின் முதீர் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே முக்கால் மீட்டர் அளவுக்கு ஒரு துண்டுத் துணி. கருநீலப் பருத்தி, அவுரிச்சாயம். இரண்டு கரையிலும் ஒட்டினாற்போல ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு, பட்டு நூல். அந்த ரகத்துக்கே பெயர் "ஜன்னா வ நார்", சொர்க்கமும் நரகமும். மஜ்தலில் நெய்து காஸாப் பக்கத்துப் பெண்கள் நீள அங்கிக்கு எடுப்பார்களாம். நான் கரையைத் திருப்பிப் பார்த்தேன். ஊடை திரும்பும் இடத்தில் இழை கொஞ்சம் தளர்ந்து இருந்தது. மிதிதறியில் நெய்தவர் அந்த இடத்தில் யாரிடமோ பேசியிருக்கிறார். எங்கள் தாத்தா துணியிலும் அப்படி இருக்கும், பாட்டி கண்டுபிடித்துத் திட்டுவாள். அதைச் சொன்னேன். முதீர் ரொம்ப நேரம் அந்த இடத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா நெய்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

15 ஜனவரி, மதியம் 1:10

"குடியுரிமை கொடுத்துவிட்டால் ஏக்கம் தீர்ந்துவிடும்" என்று எழுதிய நண்பருக்கு: சிலியைப் பாருங்கள். மத்திய கிழக்குக்கு வெளியே பாலஸ்தீனர் மிக அதிகம் வாழும் நாடு அதுதான். 3 லட்சம் என்றும் சொல்வார்கள், 5 லட்சம் என்றும் சொல்வார்கள். கடை, மில், வங்கி, நாடாளுமன்றம் என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பேசுவது ஸ்பானிஷ். 1920இல் தொடங்கிய சாந்தியாகோ கால்பந்து கிளப்புக்குப் பெயரே பாலஸ்தீனோ. 2014இல் சட்டை முதுகில் 1 என்ற எண்ணை 1948க்கு முந்தைய பாலஸ்தீன வரைபடத்தின் வடிவில் அச்சடித்தார்கள். அபராதம் விழுந்தது, சட்டையை மாற்றவேண்டி வந்தது. அதற்குள் உலகம் முழுக்க விற்றுவிட்டது. முதீரிடமும் ஒன்று இருக்கிறது. அந்தக் கிளப்பில் ஆடுகிற ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றேன். "கோல்கீப்பர்" என்றார்.

நகை நட்டு நிலம் எல்லாம் அகதிகளாக வந்து சம்பாதித்தது. இருந்தும் முதுகில் வரைபடம்.

15 ஜனவரி, மதியம் 2:45

மேலே கடைசி வரியை விட்டுவிடுங்கள். ஒருவர் தனிச்செய்தியில் சரியாகவே பிடித்தார். சிலிக்காரர்களில் பெரும்பாலோர் 1948 அகதிகள் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பெத்லஹேம், பைத் ஜாலா, பைத் சாஹூர் ஊர்களிலிருந்து போன கிறிஸ்தவக் குடும்பங்கள். உஸ்மானியப் பேரரசின், அதாவது பழைய துருக்கியின், காகிதத்தோடு போனதால் அங்கே அவர்களுக்குப் பட்டப்பெயர் 'துர்க்கோ', துருக்கிக்காரன்.

ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1925இல் பிரிட்டிஷ் நிர்வாகம் பாலஸ்தீனக் குடியுரிமைக்கு ஒரு சட்டம் போட்டது. லத்தீன் அமெரிக்காவில் வியாபாரத்துக்குப் போயிருந்த ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள், பெரும்பாலும் நிராகரித்துவிட்டார்கள். சம்பாதித்துத் திரும்பி வந்து வீடு கட்டலாம் என்று போனவர்கள். வளைகுடாவுக்குப் போன நம் ஆட்களைப் போலத்தான். அகதியாகாமலேயே ஊர் போனது.

19 ஜனவரி, இரவு 9:00

இன்று காஸாவில் போர்நிறுத்தம் தொடங்கியிருக்கிறது. முதீருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அவர் அப்பாவழி உறவுகள் அங்கேதான்.

அரபு நாடுகள் ஏன் குடியுரிமை தரவில்லை என்று நேற்று கேட்டிருந்தீர்கள். கொடுத்துவிட்டால் திரும்பும் உரிமை நீர்த்துப்போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் 194ஆம் தீர்மானம் அந்த உரிமையைப் பேசுகிறது. 1965இல் காசாபிளாங்காவில் அரபு நாடுகள் ஓர் உடன்பாடு போட்டன: பாலஸ்தீனர் பாலஸ்தீனராகவே இருக்கட்டும், வேலை, பயணம் விஷயத்தில் உள்ளூர்க்காரர் போல நடத்துவோம் என்று. முதல் பாதி நன்றாகவே நிறைவேறியது.

இரண்டாம் பாதி எப்படி என்பதற்கு 2009. துபாயில் கட்டுமானம் படுத்தது, எங்கள் கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சு. அப்போது விசா கேன்சல் ஆனால் 30 நாளில் கிளம்பவேண்டும். எனக்கு ஒரே கவலை, திருச்சிக்கு இறங்கி அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று. முதீர் அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு தூதரகமாக போன் போட்டுக்கொண்டிருந்தார். சூடான், மலேசியா, ஈக்வடார். அந்த வதீக்காவுக்கு விசா தருவீர்களா என்று. அவருடைய அப்பா அம்மாவுக்குக் குவைத்துக்குப் பிறகு கிடைத்த இடம் யேமன், சனா. "கேன்சல் செய்தால் என்னை எந்த விமானத்தில் ஏற்றுவாய்?" என்று முதலாளியிடமே கேட்டார். முதலாளியிடம் பதில் இல்லை. வேலை தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

20 ஜனவரி, காலை 7:30

கொஞ்சம் செடி கொடி பேசுவோம்.

1948இல் ஆளில்லாமல் போன 400க்கும் மேற்பட்ட கிராமங்களில் பலவற்றை இடித்துத் தரைமட்டமாக்கி, சில இடத்தில் மேலே காடும் வளர்த்தார்கள். ஆனால் ஊர் இருந்த இடத்தைச் சப்பாத்திக்கள்ளி காட்டிக்கொடுத்துவிடும். வேலியாக நட்டது, வெட்ட வெட்ட முளைக்கும். அரபியில் சப்பார். பொறுமைக்கு ஸபர். அதே வேர். தமிழ் முஸ்லிம் வீடுகளில் "சபூரா இருங்க" என்கிறோமே, அதுதான். வேடிக்கை என்னவென்றால் அங்கே பிறந்த யூதர்களும் தங்களை 'சப்ரா' என்பார்கள், அதே கள்ளியின் பெயரால். அதைவிட வேடிக்கை, கள்ளியின் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம்.

அப்புறம் ஹந்தலா. முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டி நிற்கும் பத்து வயதுப் பையன், நாஜி அல் அலி வரைந்த கார்ட்டூன். ஊருக்குத் திரும்பினால்தான் பையனுக்கு வயது ஏறும் என்றார் வரைந்தவர். அவரை 1987இல் லண்டனில் சுட்டார்கள், பையனுக்கு இன்றும் பத்து வயது. பெயர் 'ஹன்தல்' என்ற செடியிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பேய்க்குமட்டி. ஒரு துண்டு வாயில் வைத்துப் பாருங்கள், ஏன் அந்தப் பெயர் என்று புரியும். வேண்டாம், வைக்காதீர்கள். எனக்கு ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

22 ஜனவரி, இரவு 10:50

முதீர் பேசினார். உறவில் இரண்டு வீடு போய்விட்டது. ஆட்கள் கணக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

வேறு ஒன்று சொல்கிறேன். 2022இல் அவர் பெரிய மகன் கனடா பாஸ்போர்ட்டில் அஷ்கெலோன் போனான். குடும்பத்தில் 1950க்குப் பிறகு அங்கே கால்வைத்த முதல் ஆள். ஊர்ப் பெரிய பள்ளிவாசல் இப்போது அருங்காட்சியகம். அதன் வாசலிலிருந்து அப்பாவை வீடியோவில் கூப்பிட்டான். இவர் கனடாவில், மிஸ்ஸிஸாகாவில் சோபாவில் உட்கார்ந்து வழி சொன்னார். "கடலைப் பார்த்து நில். இப்போது இடதுபக்கம் இறங்கு. மூன்றாவது சந்து, துணிக்கடை வரும்." மகன், "அப்பா, இங்கே கார் நிறுத்துகிறார்கள்." "அப்படியென்றால் இரண்டாவது சந்தாக இருக்கும்." "அப்பா, சந்தே இல்லை." "சரி, தண்ணீர் குடி, வெயில்" என்று வைத்துவிட்டாராம்.

அம்மா சொன்ன வழியில் தவறு இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது. கேட்டதை அப்படியே ஒப்பிக்கத்தான் முடியும். முதலில் கேள்வி கேட்டவர் இதைத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. 11ஆம் தேதி 'வரும்' என்று ஒரே சொல்லில் அடித்தது அவசரம்.

28 ஜனவரி, காலை 6:15

நேற்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காஸாவின் கடலோரம் ரஷீத் சாலையில் லட்சக்கணக்கானோர் மூட்டையும் பாயுமாக வடக்கே நடந்தார்கள். இடிபாடு என்று தெரிந்தும்.

எனக்கு உறைத்தது இது. காஸா மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் 1948 அகதிகளும் அவர்களின் வாரிசுகளும். ஜபாலியாவுக்குப் போகிறேன் என்று அழுதுகொண்டே நடந்தவருக்கு ஜபாலியா ஓர் அகதி முகாம். தாத்தா கூடாரம் அடித்தது, அப்பா தகரக் கூரை போட்டது, இவர் மாடி எழுப்பியது. சொந்த ஊர் எது என்று கேட்டால் வேறு பெயர்தான் சொல்வார். நடந்ததோ முகாமுக்கு.

டமாஸ்கஸில் யார்மூக் அப்படித்தான். 1957இல் தொடங்கிய முகாம், சிரியா உள்நாட்டுப் போருக்கு முன் சுமார் 1,60,000 பாலஸ்தீனர் இருந்தார்கள். தெருக்களுக்கு இழந்த ஊர்களின் பெயர்கள். இப்போது பெர்லினிலும் ஸ்வீடனிலும் இருக்கும் யார்மூக்காரர்கள் ஏங்குவது அந்தத் தெருவுக்கு. பெயர்ப்பலகையில் இருந்த ஊருக்கு அல்ல. அல்லது இரண்டுக்கும். எது எங்கே முடிகிறது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

2 பிப்ரவரி, இரவு 11:40

28ஆம் தேதிக் குறிப்பை முதீரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எனக்குக் கனவில் வருவது ஹவல்லி" என்றார்.

ஹவல்லி, குவைத் நகரத்தை ஒட்டிய பகுதி. 1990க்கு முன் குவைத்தில் சுமார் 4 லட்சம் பாலஸ்தீனர். ஹவல்லி அவர்களுடைய கோட்டை. ஆசிரியர், பொறியாளர், மெக்கானிக், எல்லாம் அவர்கள்தான். ஆகஸ்ட் 1990இல் ஈராக்கின் சதாம் படையோடு உள்ளே வந்தார், பாலஸ்தீனத் தலைமை அவர் பக்கம் சாய்ந்தது என்று பெயர் வந்தது. குவைத் மீண்டபின் அந்த நாலு லட்சத்தில் சில பத்தாயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். முதீர் அந்தக் கோடையில் அண்ணனைப் பார்க்கக் கெய்ரோ போயிருந்தார். இரண்டு பேன்ட், நாலு சட்டை. வீட்டைப் பிறகு பார்க்கவேயில்லை. வயது 22.

அவர் சொன்னது: துனிஸ் தெரு, மூன்றாம் மாடி, கீழே வலதுபக்கம் ரொட்டிக்கடை, காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டும் வாசனை மேலே வரும். அப்பா ஏ.சி.யை இரவு பத்துக்கு மேல்தான் போடவிடுவார். மாடிப்படியில் ஒரு பூனை.

"இதை நான் யாரிடமும் சொல்வதில்லை" என்றார். "மஜ்தல் என்றால் ஊர்வலம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது. குவைத்துக்கு ஏங்குகிறேன் என்றால் சிரிப்பார்கள். குவைத்துக்காரனே சிரிப்பான்."

3 பிப்ரவரி, காலை 9:20

"அப்போ நான் கேட்டது சரிதானே" என்கிறார் முதல் நண்பர். பாதி. இக்ரித்தைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள். இஸ்ரேலுக்குள்ளேயே, லெபனான் எல்லையோரக் கிறிஸ்தவ கிராமம். அந்த மக்களுக்கு இஸ்ரேல் குடியுரிமை உண்டு. திரும்பலாம் என்று 1951இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் நிற்கிறது. பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள், செத்தால் இக்ரித் கல்லறைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்கிறார்கள். பிணத்துக்கு அனுமதி இருக்கிறது. அங்கே பிறக்காத பேரன்கள் போய்ப் படுக்கை விரித்துத் தங்கியும் பார்த்தார்கள். அவர்களிடம் போய் சொல்லிக்கொடுத்த ஏக்கம் என்று சொல்லிப்பாருங்கள்.

அந்தத் துணித்துண்டையும் மறந்துவிடாதீர்கள். அவர் தடவிக்கொண்டிருந்தது ஹவல்லியை அல்ல.

9 பிப்ரவரி, இரவு 8:30

வம்பு. முதீர் மகன் இந்த இழை முழுவதையும் போனில் மொழிபெயர்த்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பேய்க்குமட்டி அதில் ஏதோ 'பேயின் வாந்தி' என்று வந்திருக்கிறது. சிரித்துச் சிரித்து இருமல்.

மஜ்தலைப் பற்றி எழுதியதில் தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன் என்றேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு பத்து நிமிஷத்தில் நாலு வாய்ஸ் மெசேஜ். மூன்றாம் மாடி இல்லை, இரண்டாம் மாடி, மூன்றில் இருந்தது எகிப்துக்கார டாக்டர். ரொட்டிக்கடை வலதுபக்கம் இல்லை, தெருவிலிருந்து பார்த்தால் இடது. நாலு மணி இல்லை, நாலரை. பூனைக்கு ஒரு காது கிடையாது, அதை ஏன் எழுதவில்லை?

எழுதிவிட்டேன்.